சீன அருங்காட்சியகங்களும் தமிழ் வணிகத் தடயங்களும்: புதுக்கோட்டையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

சீன வரலாறு, பண்பாடு, தொழில்நுட்பம் ஆகியவற்றைக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகங்களில் தமிழரோடு மிக நெருங்கிய தொடர்புடையது, சீனாவின் புஜியான் மாகாணத்தில் உள்ள சுவான்சோ கடல்சார் அருங்காட்சியகம் ஆகும். 13ஆம் நூற்றாண்டில் அந்நகரில் தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலின் சிதைந்த கற்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அதே காலத்துச் சீனக் காசுகளும் பீங்கான் ஓடுகளும் தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்துள்ளன. இரண்டு கரைகளிலும் பொருட்கள் இருந்தும், அவற்றைக் கொண்டுசென்ற வணிகனின் கதையை இரண்டு கரை அருங்காட்சியகங்களும் முழுமையாகச் சொல்வதில்லை. வணிகக் குழுக்களின் பழைய கல்வெட்டுகள் உள்ள புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து இக்குறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

சீன அருங்காட்சியகங்களின் தோற்றமும் போக்கும்

சீனர் ஒருவர் சீனாவில் நிறுவிய முதல் அருங்காட்சியகமாக நாந்தொங் அருங்காட்சியகம் கருதப்படுகிறது. தொழிலதிபரும் கல்வியாளருமான சாங் சியான் 1905இல் அதைத் தொடங்கினார். பேரரசர்களின் அரண்மனையான பெய்ஜிங் விலக்கப்பட்ட நகரம் 1925இல் அரண்மனை அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தியனன்மென் சதுக்கத்தின் கிழக்கே 1959இல் எழுப்பப்பட்ட கட்டடத்தில் சீன வரலாற்று அருங்காட்சியகமும் புரட்சி அருங்காட்சியகமும் தனித்தனியே இயங்கின. இவை 2003இல் இணைக்கப்பட்டுச் சீன தேசிய அருங்காட்சியகம் ஆயின. விரிவுபடுத்தப்பட்ட கட்டடம் 2011இல் மீண்டும் திறக்கப்பட்டது. தொழில்நுட்பத்துக்கெனச் சீன அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1988இல் பெய்ஜிங்கில் திறக்கப்பட்டு, 2009இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. ஷாங்காயில் சீனக் கடல்சார் அருங்காட்சியகம் 2010இல் திறக்கப்பட்டது.

இவற்றின் பொதுவான அமைப்பு ஒன்றுதான். அரசமரபுகளின் வரிசையில் காலம் நகர்கிறது. காகிதம், அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி ஆகிய நான்கு கண்டுபிடிப்புகள் சீனத் தொழில்நுட்பத்தின் முகமாக முன்வைக்கப்படுகின்றன. பள்ளி மாணவர் தொட்டும் இயக்கியும் பார்க்கும் மாதிரிகள், வார்ப்பு முறைகளை விளக்கும் படங்கள், உலைகளின் குறுக்குவெட்டுத் தோற்றங்கள் எனக் காட்சிமுறையில் இவை தேர்ந்தவை. ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்ற கேள்விக்கு இங்கே நல்ல விடை கிடைக்கும். அப்பொருளை யார் வாங்கினார், யார் கப்பலில் ஏற்றினார், எந்த மொழி பேசியவர் அதற்கு விலை சொன்னார் என்ற கேள்விகளுக்கு விடை குறைவு.

திசைகாட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடலில் திசைகாட்டி பயன்பட்டதைச் சொல்லும் சீனக் குறிப்பு 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. தெற்குத் துறைமுகங்களுக்கு அயல்நாட்டு வணிகர் திரளாக வந்து தங்கிய காலம் அது. கடல் வணிகத்தின் தேவையை விட்டுவிட்டுத் திசைகாட்டியைத் தனியே கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால், அது ஒரு நாட்டின் மேதைமைச் சான்றாக மட்டுமே நிற்கும். அந்த ஊசியை நம்பிக் கடலில் இறங்கியவர்களின் வாழ்க்கை பேழைக்கு வெளியே நின்றுவிடும்.

சுவான்சோ: ஒரு விதிவிலக்கு

1959இல் நிறுவப்பட்ட சுவான்சோ கடல்சார் அருங்காட்சியகம் இப்போக்கிலிருந்து பெருமளவு விலகி நிற்கிறது. இதன் தொகுப்புக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் ஊ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். நகரின் பழைய மதில்கள் இடிக்கப்பட்ட காலத்தில், அவற்றின் அடித்தளத்திலிருந்து வெளிப்பட்ட செதுக்குக் கற்களை அவர் தேடிச் சேகரித்தார். அரபு எழுத்துள்ள கல்லறைக் கற்கள், சிலுவைக் கற்கள், மானி சமயச் சின்னங்கள் ஆகியவற்றோடு இந்துக் கோயில் கற்களும் அவற்றில் இருந்தன. சுவான்சோவின் சமயக் கற்சிற்பங்களைப் பற்றிய அவரது நூல் 1957இல் வெளிவந்தது.

இந்துக் கோயில் கற்களில் சிவலிங்கத்தை யானை வழிபடும் சிற்பம், நரசிம்மர் சிற்பம், தாமரை இதழ் கொண்ட போதிகைகள், தூண் துண்டுகள் எனப் பல உண்டு. சோழர் காலக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை அயலாகத் தோன்றா. ஆனால் செதுக்கியவர்களில் பலர் உள்ளூர்ச் சீனத் தச்சர்களாக இருந்திருக்க வேண்டும் என்பதை மேகங்கள், பூவேலை, முகச்சாயல் ஆகியவை காட்டுகின்றன. நகரின் புகழ்பெற்ற கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறத்தில், கண்ணன் கதைக் காட்சிகள் செதுக்கப்பட்ட இரண்டு தூண்கள் இன்றும் கூரையைத் தாங்குகின்றன. சிவன் கோயில் அழிந்த பிறகு அதன் கற்கள் பிற கட்டடங்களுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை இது காட்டுகிறது. அருகிலுள்ள சேதியன் என்ற சிற்றூரில் இத்தகைய தேவி சிற்பம் ஒன்றைக் குவான்யின் என்ற போதிசத்துவராகவே மக்கள் வழிபட்டு வருகின்றனர்.

இக்கற்களுக்கு உரியவர்கள் யார் என்பதை உறுதிசெய்தது 1956இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281 ஏப்ரல் என்ற காலக்குறிப்பு அதில் உள்ளது. தவச்சக்கரவர்த்திகளான சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைகானின் உடல் நலத்துக்காக, கானின் ஆணைப்படி இறைவனை எழுந்தருளச் செய்ததாக அது கூறுகிறது. கான் என்பது அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானைக் குறிக்கும் என ஆய்வாளர்கள் கொள்கின்றனர். தமிழ் வரிகளின் முடிவில் சீன எழுத்துகளும் உள்ளன. இக்கல்வெட்டைத் தமிழறிஞர் தி.நா. சுப்பிரமணியன், சப்பானிய ஆய்வாளர் நொபொரு கராஷிமா ஆகியோர் ஆராய்ந்துள்ளனர்.

தொழில்நுட்பப் பக்கத்திலும் சுவான்சோவுக்குத் தனி இடம் உண்டு. அந்நகரத்தின் ஹௌசூ துறையில் 1974இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட சொங் காலக் கப்பல் கையுவான் ஆலய வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. எஞ்சியுள்ள பகுதி 24.2 மீட்டர் நீளமும் 9.15 மீட்டர் அகலமும் கொண்டது. 12 குறுக்குச் சுவர்கள் கப்பலின் உட்புறத்தை 13 அறைகளாகப் பிரிக்கின்றன. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்ற அறைகள் கப்பலை மிதக்க வைக்கும். சரக்கில் பெரும்பகுதி நறுமண மரங்கள். மிளகு, பாக்கு, சாம்பிராணி வகைகளும் கிடைத்தன. அடிமரத்தின் இணைப்பில் குழிகள் தோண்டி, விண்மீன் கூட்டத்தின் வடிவில் காசுகளையும் நிலவுக்கு ஈடாக வெண்கலக் கண்ணாடியையும் பதித்திருந்தனர். தமிழகக் கடற்கரையிலும் படகு கட்டுவோர் பூசை போட்டே வேலையைத் தொடங்குவர். கடலுக்குப் போகிறவரின் அச்சமும் வேண்டுதலும் இரு கரையிலும் ஒன்றே என்பதை இச்சிறு குழிகள் உணர்த்துகின்றன.

சுவான்சோவின் வலிமை இங்குதான் உள்ளது. கப்பலும் சரக்கும் அயலாரின் கற்களும் ஒரே நகரத்தில், ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. அந்நகரத்தின் 22 இடங்கள் 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறை எங்கே?

சுவான்சோ காட்சியமைப்பில் கற்கள் சமயவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இசுலாம், கிறித்தவம், மானி சமயம், இந்து சமயம் என்பது அந்தப் பிரிவு. பல சமயங்களை ஏற்ற நகரம் என்ற செய்தியைச் சொல்ல இது எளிய வழி. ஆனால் இப்பிரிப்பில் தமிழ் வணிகர் 'இந்து சமயத்தவர்' ஆகிவிடுகின்றனர். அவர்கள் எந்த ஊரினர், எந்தக் குழுவினர், எவ்வாறு கூட்டுச் சேர்ந்தனர், கோயிலை ஏன் வணிகத்தின் நடுவே வைத்தனர் என்பன மறைந்துவிடுகின்றன. தென்னிந்தியாவில் இடைக்கால வணிகக் குழுவுக்குக் கோயில் என்பது வழிபாட்டு இடம் மட்டுமன்று. ஒப்பந்தம், கொடை, வரி விலக்கு ஆகியன அங்கேதான் கல்லில் பதிவாயின. அயல் துறைமுகத்தில் கோயில் எழுப்புவது அங்கே நிலைத்து வணிகம் செய்யும் எண்ணத்தின் அறிவிப்பும் ஆகும். சமயம் என்ற தலைப்பின் கீழ் மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

இன்னொரு குறை அரசியல் சார்ந்தது. கடல்சார் பட்டுப்பாதை என்ற பெயரில் புதிய திட்டத்தைச் சீன அதிபர் ஷி சின்பிங் 2013 அக்டோபரில் இந்தோனேசியாவில் அறிவித்தார். அதன் பிறகு பழைய துறைமுகங்களின் வரலாறு வெளியுறவுப் பேச்சின் பகுதியாகிவிட்டது. இந்தியாவும் 2014இல் மௌசம் திட்டத்தைத் தொடங்கியது. 2019 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்களும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது பல்லவர் கால உறவு பெரிதும் பேசப்பட்டது. அரசுகள் வரலாற்றை நினைவுகூர்வதில் தவறில்லை. ஆனால் அரசுகள் நினைவுகூர்வது அரசுகளைத்தான். சோழரின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சொங் அரசவைக்குச் சென்றதைச் சீன ஆவணங்கள் குறிக்கின்றன. முத்தும் யானைத் தந்தமும் நறுமணப் பொருளும் அக்குழுக்கள் கொண்டுசென்ற பரிசுகளில் அடங்கும். தூது என எழுதப்பட்ட அப்பயணங்களிலும் வணிகரின் பங்கு பெரிது. அரசனின் பெயர் நிலைத்தது. சுமை ஏற்றியவரின் பெயர் எழுதப்படவில்லை.

தமிழ்நாட்டில் கிடைத்த சீனப் பொருட்கள்

மறு கரையின் நிலையைப் பார்க்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தை ஒட்டிய பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பகுதிகளில் விக்கிரமம், ஓலையக்குன்னம், தாளிக்கோட்டை ஆகிய ஊர்களில் சீனச் செப்புக் காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. நடுவில் சதுரத் துளை கொண்ட இக்காசுகள் அச்சடிக்கப்பட்டவை அல்ல; அச்சில் வார்க்கப்பட்டவை. துளையில் கயிறு கோத்துச் சரம் சரமாக எண்ணுவது சீன வழக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் அகழாய்வு செய்தது. 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் அங்கே மிகுதியாகக் கிடைத்தன. பச்சை மெருகு பூசிய செலடான் வகையும் நீலமும் வெள்ளையும் கலந்த வகையும் அவற்றில் அடங்கும். கங்கைகொண்ட சோழபுரத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடற்கரை ஊர்தோறும் நடந்து ஓடுகளைத் தேடிய ஆய்வுக் குழு ஒன்றின் முடிவுகளை, கராஷிமா 2004இல் நூலாகப் பதிப்பித்தார்.

நாகப்பட்டினத்தின் கதை இழப்பின் கதை. அங்கே நின்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரத்தைச் 'சீனக் கோயில்' என மக்கள் அழைத்தனர். வால்டர் எலியட் 1846இல் அதைப் பார்த்துப் பதிவு செய்தார். 1867இல் அது இடிக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த பௌத்தப் படிமங்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய தொகுப்புகளில் ஒன்று. அவற்றுக்கு டி.என். இராமச்சந்திரன் எழுதிய விளக்க நூல் 1954இல் வெளிவந்தது. படிமங்கள் காப்பாற்றப்பட்டன, அவை இருந்த ஊரின் கோபுரம் காப்பாற்றப்படவில்லை.

இலங்கையில் நிலை சற்று மேல். மிங் கடற்படைத் தலைவர் செங் ஹே சீனாவிலிருந்து கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது; இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்லில் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகிறது. மூன்று மொழிகளும் ஒரே கல்லில் இருப்பதால், எந்த அருங்காட்சியகமும் அதை ஒரு சமயத்தின் அல்லது ஒரு நாட்டின் பொருளாக மட்டும் வகைப்படுத்த முடியாது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் தமிழ் வணிக மொழியாக மதிக்கப்பட்டது என்பதைச் சீனப் பேரரசே ஒப்புக்கொண்ட சான்று அது.

புதுக்கோட்டையின் இடம்

சீனக் காசோ சீனக் கப்பலோ இல்லாத உள்நாட்டு ஊர்களுக்கு இந்த வரலாற்றில் என்ன பங்கு என்று கேட்கலாம். விடை கல்வெட்டுகளில் உள்ளது. இடைக்காலத் தென்னிந்தியாவின் பெரிய வணிகக் குழுவான திசையாயிரத்து ஐந்நூற்றுவரைப் பற்றிய பழைய தமிழகச் சான்றுகளில் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்து முனசந்தையில் உள்ளது. ஊரின் பெயரிலேயே சந்தை இருக்கிறது. இருக்குவேளிரின் தலைநகரான கொடும்பாளூர் மூவர்கோயிலுக்காகப் புகழ்பெற்றது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய மணிகிராமம் என்ற வணிகக் குழுவும் கல்வெட்டுகளில் வருகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் வழி பிரியும் ஊராகக் கொடும்பாளூர் இடம்பெறுவது அதன் சாலைச் சிறப்பைக் காட்டும்.

மணிகிராமம் என்ற பெயர் கடல் கடந்தும் ஒலித்தது. தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிகிராமத்தாரின் காவலில் விட்டதைச் சொல்கிறது. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகிறது. முனசந்தை, கொடும்பாளூர், தகுவாபா, பாரூசு, சுவான்சோ ஆகியவற்றை வரிசையாக வைத்தால் ஒரு பாதை தெரியும். அப்பாதை நான்கு நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாக நீண்டது.

இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. கொடும்பாளூர் வணிகரே சுவான்சோ சென்றனர் என்று சொல்ல இக்கல்வெட்டுகள் போதா. சுவான்சோக் கல்வெட்டு எந்த வணிகக் குழுவின் பெயரையும் முன்வைத்துப் பேசவில்லை. அங்கே கோயில் எழுப்பியவர்களின் அமைப்பு எப்படிப்பட்டது, அது எத்தகைய ஊர்களில் உருவானது என்பதை அறியவே புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் உதவும். அந்த அளவில் நிறுத்திக்கொண்டாலே அவற்றின் மதிப்பு பெரிது.

இந்த எச்சரிக்கை பொதுவெளியில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. சீனாவும் தமிழரும் என்றதும் முதலில் வருவது போதிதருமர் பேச்சு. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அப்பேச்சைப் பரப்பியது. போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்த குறிப்பு தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சிபுரம், பல்லவர் என்பன இப்பழைய குறிப்புகளில் இல்லை. உறுதியற்ற ஒரு கதை இவ்வளவு பரவியிருக்க, ஆண்டும் மாதமும் பொறித்த சுவான்சோத் தமிழ்க் கல்வெட்டைப் பல மாணவர் கேள்விப்பட்டதே இல்லை. அருங்காட்சியகம் சொல்லத் தவறும் இடத்தைத் திரைப்படம் நிரப்பிவிடுகிறது.

துறைவாரி அமைப்பின் தடை

புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910இல் சமத்தான ஆட்சியில் நிறுவப்பட்டது. அந்த வகையில் நாந்தொங் அருங்காட்சியகத்துக்கு ஐந்தாண்டே இளையது. திருக்கோகர்ணத்தில் இயங்கும் இது, சமத்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்த பின் தமிழக அரசின் பொறுப்புக்கு வந்தது. நிலவியல், விலங்கியல், தாவரவியல், மானிடவியல், நாணயவியல், படிமங்கள், ஓவியங்கள், கல்வெட்டு எனப் பல துறைகள் ஒரே கூரையின் கீழ் உள்ளன. சிறிய சமத்தானம் ஒன்று தன் கல்வெட்டுகளை 1929இல் நூலாக வெளியிட்டதும், வரலாற்றுக் கையேட்டைப் பல பகுதிகளாகக் கொண்டுவந்ததும் இங்குக் குறிப்பிடத்தக்கவை. தமிழக வணிகக் குழுக்களை ஆராய்வோர் இன்றும் அந்தக் கல்வெட்டுத் தொகுப்பைத் தவிர்க்க முடியாது.

ஆனால் துறைவாரி அமைப்பு 19ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகத்தின் மரபு. காசு நாணயப் பிரிவுக்கும், கல் கல்வெட்டுப் பிரிவுக்கும், மிளகும் சந்தனமும் தாவரவியல் பிரிவுக்கும் போய்விடும். ஒரே வணிகனின் கையில் இருந்த மூன்றும் மூன்று அறைகளில் பிரிந்து நிற்கும். பாதையைக் காட்ட இந்த அமைப்பில் அறை இல்லை. சுவான்சோவில் சமயவாரிப் பிரிப்பு செய்யும் அதே தவற்றை இங்கே துறைவாரிப் பிரிப்பு செய்கிறது.

அரிய பொருள் வெளியேறுவது இன்னொரு சிக்கல். ஆலங்குடிப் பகுதியின் கறுக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகள் 'புதுக்கோட்டைப் புதையல்' என்ற பெயரில் உலக நாணயவியல் நூல்களில் இடம்பெற்றுள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் மேல் வெட்டுக்குறி உள்ளது. அக்காசுகளின் ஒரு பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. புதுக்கோட்டையின் பெயர் இலண்டனில் இருக்க, அக்காசுகள் எந்த வயலில் கிடைத்தன என்பதை உள்ளூர் மாணவர் அறிய வழி குறைவு.

வீடுகளில் உள்ள பொருட்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. திருமயம் வட்டாரத்தின் செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன, சில இடிக்கப்படுகின்றன. அவ்வீடுகளின் பீங்கான் சாடிகள், தட்டுகள், கிண்ணங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் ஐரோப்பாவில் செய்தவையும் சப்பானில் செய்தவையும் சீனாவில் செய்தவையும் கலந்துள்ளன. பெரும்பாலானவை 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கடையில் விற்பனையாகும்போது சாடி மிஞ்சும்; அது பர்மாவிலிருந்து வந்ததா, மலாயாவிலிருந்து வந்ததா, எந்த வீட்டுத் திருமணத்துக்கு வாங்கியது என்ற செய்தி அழிந்துவிடும். அருங்காட்சியகத்துக்கு அந்தச் செய்திதான் வேண்டும்.

மொழியில் எஞ்சியிருப்பது

பொருட்கள் சிதறினாலும் சொற்கள் எஞ்சியுள்ளன. புதுக்கோட்டை வீடுகளில் தேநீருக்குப் போடுவது சீனி. மளிகைக் கடையில் படிகாரத்துக்குச் சீனாக்காரம் என்ற பெயரும் உண்டு. திருவிழாவில் வெடிப்பது சீனவெடி. கேரளத்தில் கொச்சிக் கரையில் நிற்பது சீனவலை. பீங்கான் என்ற சொல் பாரசீக வழி வந்தது என்பது, சீனப் பொருள் தமிழகத்துக்கு அரபு, பாரசீக வணிகர் வழியாகவும் வந்ததை நினைவூட்டும். சீனா என்ற பெயர் தாங்கிய ஒவ்வொரு பொருளும் சீனாவிலிருந்தே வந்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. அயல் பொருளுக்குச் 'சீன' என அடைமொழி கொடுக்கும் அளவுக்கு அந்நாட்டுப் பெயர் இங்கே பழகியிருந்தது என்பதே இதன் பொருள். பள்ளி மாணவருக்கு இந்த வரலாற்றைத் தொடங்க இச்சொற்களே நல்ல வாசல்.

செய்யக்கூடியவை

இக்குறைகளைப் போக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. முனசந்தை, கொடும்பாளூர் கல்வெட்டுகளின் மைப்படிகளை ஒரே சுவரில் மாட்டி, பக்கத்தில் தகுவாபா, பாரூசு, சுவான்சோ, காலி கல்வெட்டுகளின் படங்களை வைக்கலாம். ஒரு பெரிய வரைபடமும், ஒவ்வொரு கல்லும் யாரைப் பற்றி என்ன சொல்கிறது என்ற எளிய தமிழ்க் குறிப்பும் போதும். சீனக் காசு, மிளகு, சந்தனக் கட்டை, பீங்கான் ஓடு ஆகியவற்றைத் துறை பிரிக்காமல் ஒரே பேழையில் வைக்கலாம். ஓட்டைக் கையில் வாங்கி, மெருகையும் முறிவையும் பார்த்துச் சீன ஓட்டை உள்ளூர் ஓட்டிலிருந்து பிரித்தறிய மாணவருக்குப் பயிற்சி தரலாம். மணமேல்குடி முதல் மீமிசல் வரையுள்ள கடற்கரையில் நடக்கும் ஒரு மாணவர் கண்ணில் அத்தகைய ஓடு பட்டால் அதை எடுத்து எறியாமல் இருக்க இப்பயிற்சி உதவும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. ஆனால் உடைந்த ஓட்டையும் பழைய சாடியையும் புதையல் என யாரும் கருதுவதில்லை. அவற்றை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. படம் எடுத்து, கிடைத்த இடத்தையும் வீட்டார் சொல்லும் செய்தியையும் பதிந்தாலே பெரும்பணி முடியும்.

இப்பணிக்கு ஆள் இல்லாமல் இல்லை. சுவான்சோவின் கற்களை மதில் இடிபாட்டிலிருந்து மீட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். புதுக்கோட்டை மாவட்டத்திலும் பள்ளி ஆசிரியர்களும் ஆர்வலர்களும் பல ஆண்டுகளாகப் புதிய கல்வெட்டுகளைக் கண்டறிந்து வருகின்றனர். பொற்பனைக்கோட்டையில் தமிழகத் தொல்லியல் துறை 2023இல் அகழாய்வைத் தொடங்கியதற்கு முன்பே அந்தக் கோட்டையைப் பற்றிப் பேசிவந்தவர்கள் உள்ளூர் ஆர்வலர்கள்தான். சுவான்சோவில் ஆசிரியரின் சேகரிப்பு அருங்காட்சியகமாக மாறியது. புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் முன்பே இருக்கிறது; கண்டறிபவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் காட்சிக்கூடம் ஒன்றே இன்னும் அமையவில்லை.

மதிப்பீடு

சீன அருங்காட்சியகங்கள் ஒரு பொருள் உருவான முறையைத் தெளிவாகக் காட்டுகின்றன. தமிழக அருங்காட்சியகங்கள் ஒரு பொருள் எந்த அரசன் காலத்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் பொருளைக் கொண்டுசென்றவரைக் காட்டும் பொறுப்பு இரண்டுக்கும் நடுவே விடுபட்டுள்ளது. சுவான்சோ அதில் பாதியைச் செய்திருக்கிறது. வணிகர் போய்ச் சேர்ந்த ஊரை அது காட்டுகிறது. அவர்களைப் போன்றோர் புறப்பட்ட ஊர்களையும், அவர்களைப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்திய வணிக அமைப்பையும் காட்ட வேண்டியது தமிழகத்தின் பங்கு. முனசந்தையும் கொடும்பாளூரும் தன் எல்லைக்குள் இருப்பதால், அப்பணியைத் தொடங்கப் புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கு மற்றெவரையும் விட உரிமை மிகுதி.